நாலு கிளிக்

“டூப்ளிகேட் வாங்குறதுக்கு எதுக்கு மச்சி இவ்வளவு ஆராய்ச்சி?” ஹூஸ்டனில் இருக்கும் நண்பன் போனில் கேட்டது இது. கேட்டவன் அடுத்த நிமிடமே வேறு பேச்சுக்குத் தாவிவிட்டான். எனக்குத்தான் அது உள்ளே தங்கிவிட்டது. 1873-இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரின் பிரதி ஒன்றை வாங்க நினைத்து, டெக்சாஸில் வார இறுதிகளில் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த காலம். இதைவிடச் சீக்கிரமாகக் கார் வாங்கியிருக்கிறேன். அசல் இல்லை என்று தெரிந்தே வாங்கும் பொருளில் நல்லது என்ன, கெட்டது என்ன என்பது அவன் கேள்வி. நிறைய இருக்கிறது என்று மனதுக்குப் பட்டது. அது என்ன என்று சொல்லத்தான் அப்போது வார்த்தை வரவில்லை.

சரி, அசல் எது என்பதிலிருந்தே தொடங்குவோம். அமெரிக்க ராணுவத்துக்காக வடிவமைக்கப்பட்ட இந்த ரிவால்வரை சாமுவேல் கோல்ட் கண்ணால் பார்க்கவே இல்லை. அவர் 1862-இலேயே இறந்துவிட்டார். அவர் ஆரம்பித்த கம்பெனி இதை 1940 வாக்கில் நிறுத்தியது. தொலைக்காட்சியில் கௌபாய் தொடர்கள் கொடிகட்டிப் பறந்தபோது, 1956-இல் மறுபடி செய்ய ஆரம்பித்தது. 1974-இல் இன்னொரு இடைவெளி, 1976-இல் இன்னொரு தொடக்கம். சேகரிப்பாளர்கள் இவற்றை முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறை என்று பிரித்துப் பேசுவார்கள். தொழிற்சாலை ஹார்ட்ஃபோர்டிலிருந்து பக்கத்து ஊரான வெஸ்ட் ஹார்ட்ஃபோர்டுக்குப் போய்விட்டது. 2021-இல் ஒரு செக் நாட்டுக் குழுமம் கம்பெனியையே வாங்கிவிட்டது. இன்று அங்கே செய்யப்படும் ரிவால்வரை ‘அசல்’ என்று இத்தாலியப் பிரதியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள். பேரலில், அதாவது துப்பாக்கிக் குழலில், பொறித்த பெயருக்கு அந்த விலை தகும் என்பவர்கள் தாராளமாகக் கொடுக்கட்டும். என்னைப் பொறுத்தவரை அதுவும் ஒரு நல்ல பிரதிதான்; சொந்தக் குடும்பமே செய்த பிரதி.

எனக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிவகாசியில் அச்சாகி, பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கிய கௌபாய் காமிக்ஸ்தான். மஞ்சள் சட்டை ரேஞ்சர் டெக்ஸ் வில்லரின் இடுப்பில் தொங்கிய ரிவால்வரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரையாதவர்கள் எங்கள் வகுப்பில் குறைவு. அந்த ரேஞ்சர் 1948-இல் இத்தாலியில் பிறந்தவர் என்று வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. அரிசோனாவும் டெக்சாஸும் இத்தாலி வழியாக நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அதனால் ரிவால்வரும் இத்தாலியிலிருந்து வரட்டுமே என்பதில் எனக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

கார்டோனே பள்ளத்தாக்கு

வட இத்தாலியில் பிரெஷா நகரத்துக்கு மேலே, மெல்லா ஆறு ஓடும் ட்ரோம்பியா பள்ளத்தாக்கில் கார்டோனே என்று ஓர் ஊர். பள்ளத்தாக்கில் இரும்பு கிடைத்தது, காட்டில் விறகுக்கரி கிடைத்தது, சம்மட்டியை ஆற்றுத் தண்ணீர் இயக்கியது. பெரெட்டா குடும்பம் வெனிஸ் ஆயுதசாலைக்குத் துப்பாக்கிக் குழல் விற்ற 1526-ஆம் ஆண்டு ரசீது இன்னும் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊருக்கு 1950-களின் கடைசியில் வேல் ஃபோர்ஜெட் என்ற அமெரிக்கர் வந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961-இல் வரப்போகிறது, அந்தப் போர்களை மறுபடி நடித்துக் காட்ட ஆயிரக்கணக்கானவர்கள் கிளம்புவார்கள், அவர்கள் கையில் கொடுக்கப் பழைய துப்பாக்கி போதாது என்று கணக்குப் போட்டவர் அவர். 1851-ஆம் ஆண்டு மாடல் கோல்ட் நேவி ரிவால்வரைக் கொடுத்து, இதேபோல் செய்து தர முடியுமா என்று கேட்டார். செய்து கொடுத்தவர்களில் ஒருவர் ஆல்டோ ஊபெர்டி. 1959-இல் தொடங்கிய அவர் பட்டறை பின்னாளில் 1873 மாடலுக்கும் வந்தது. இன்று அமெரிக்கக் கடைகளில் பல இறக்குமதியாளர்களின் பெயரோடு கிடக்கும் பிரதிகளில் பெரும்பாலானவை ஊபெர்டியிலோ, அதே வட்டாரத்தில் இருக்கும் பியெட்டாவிலோ செய்தவைதான். கடைக்காரர் பத்துப் பெயர் சொன்னாலும் பின்னால் இருப்பது அநேகமாக இரண்டு தொழிற்சாலை. இது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பிரதி செய்வது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை தொழிற்சாலையில் அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூமில் வேலை பார்க்க வேண்டும். நான் அம்பத்தூரில் பார்த்திருக்கிறேன். சாம்பிள் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு ‘இதே மாதிரி’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அளவெடுப்பது கடினம் இல்லை. எந்த அளவு வேண்டுமென்றே வைத்தது, எந்த அளவு தேய்ந்துபோனது, எது அன்றைய மெஷினால் அதற்கு மேல் முடியாமல் விட்டது என்று பிரித்தறிவதுதான் கஷ்டம். பிரதி செய்பவர் அந்தப் பொருளை முதலில் படிக்க வேண்டும். படித்தாரா, வெறுமனே பார்த்தாரா என்பது வாங்குபவர் கையில் எடுத்தவுடன் தெரிந்துவிடும்.

கண்ணாடி அலமாரிக்கு முன்னால்

இந்த ரிவால்வரின் பின்பக்கம் சுத்தியல்போல் அடிக்கும் ஹேமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால் நாலு கிளிக் கேட்கும். முதலாவது, ஹேமரைச் சற்றே தூக்கி நிறுத்தும் பாதுகாப்பு வெட்டு. இரண்டாவது, தோட்டா நிரப்புவதற்கான அரை நிலை. மூன்றாவது, தோட்டா அறைகள் உள்ள சிலிண்டரைப் பிடித்து நிறுத்தும் போல்ட் விழும் சத்தம். நாலாவது, முழு நிலை. கோல்ட் என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் நாலு எழுத்து, அதற்குத்தான் நாலு கிளிக் என்று ஒரு கதை இங்கே உலவுகிறது. அழகான கதை, அவ்வளவுதான். ஒவ்வொரு சத்தத்துக்கும் உள்ளே ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலைகள் சரியான வரிசையில், சரியான நேரத்தில் நடப்பதைத்தான் டைமிங் என்கிறார்கள். நல்ல டைமிங் உள்ள ரிவால்வரில் ஹேமர் கடைசி நிலைக்கு வரும்போது சிலிண்டர் தன் வெட்டில் சரியாகப் பூட்டிக்கொள்ளும். முன்னாலேயே வந்து முட்டாது, பிந்தியும் தடுமாறாது.

ஆகவே கடையில் நான் முதலில் நிறத்தைப் பார்ப்பதில்லை. அனுமதி கேட்டு, காலியா என்று உறுதி செய்துகொண்டு, ஹேமரை மெதுவாக இழுத்துக் காது கொடுப்பேன். பிறகு சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்து ஆட்டம் பார்ப்பேன். சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவில், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்ப்பேன். அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு இடைவெளி இருந்தால் எனக்குத் திருப்தி. மூன்றுக்குக் கீழே போனால் சீக்கிரம் கரி அடைத்துச் சிலிண்டர் சுற்றாது, பத்துக்குப் போனால் பக்கவாட்டில் வாயு கக்கும். மரக் கைப்பிடி இரும்போடு சேரும் விளிம்பில் நகத்தை ஓட்டினால் செய்தவரின் பொறுமை தெரியும். ஸ்க்ரூ தலையில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய தடம் இருந்தால் யாரோ வீட்டில் திறந்திருக்கிறார் என்று அர்த்தம். ஃப்ரேமில் தெரியும் நீலமும் பழுப்பும் கலந்த நிறம் பழைய முறையில் எலும்புக் கரியிலும் மரக் கரியிலும் புதைத்துச் சுட்டு, தண்ணீரில் இறக்கி எடுக்கும்போது வருவது. மலிவான பிரதிகளில் அந்த நிறத்தை ரசாயனத்தால் வரவழைப்பார்கள். அதைப் பெரிய குறையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

நீளத்தில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. குதிரைப் படைக்கு ஏழரை அங்குலப் பேரல், பீரங்கிப் படையோடு பெயர் ஒட்டிக்கொண்டது ஐந்தரை, ஊர்க்காரர்கள் விரும்பியது நாலே முக்கால். கௌபாய் காலத்து டாட்ஜ் சிட்டியில் ஷெரீஃபாகப் பேர் வாங்கிய பேட் மாஸ்டர்சன் 1885-இல் கோல்ட் கம்பெனிக்கு எழுதிய ஆர்டர் கடிதம் இன்றும் பேசப்படுகிறது. பேரல், சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் குழாயின் நீளத்துக்கே இருக்க வேண்டும், ட்ரிகர் இலேசாக இருக்க வேண்டும், குறி பார்க்கும் முன் சைட் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரமாகவும் தடிமனாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். துப்பாக்கியே பிழைப்பான ஒருவர் அலங்காரத்தைவிட சைட்டைப் பற்றிக் கவலைப்பட்டது எனக்குப் பிடித்தது. நான் ஐந்தரை தேடினேன். கையில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கனம். முன்னாலும் சாயாது, பின்னாலும் இழுக்காது.

இந்தத் தேடலின் நடுவில் ஒரு கடையில் ‘பழசாக்கிய’ பிரதி ஒன்றைக் காட்டினார்கள். புதிதாகச் செய்து, நீலப் பூச்சை அமிலத்தில் கழுவி எடுத்து, நூறு வருடம் உழைத்த மாதிரி சாம்பல் நிறமாக ஆக்கியது. முதல் பார்வையில் மயங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் அவ்வளவு அழகு. கடைக்காரப் பெரியவர் உற்சாகமாகி, உள்ளே போய் அதே மாடலில் இன்னொன்றையும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். பில் போடச் சொல்ல வாயெடுத்த நான் அங்கேதான் நின்றேன். இரண்டும் ஒரே மாதிரி பழசாகியிருந்தன. பழைய ரிவால்வர் உறையில் உரசும் பேரல் நுனியிலும் சிலிண்டர் விளிம்பிலும் வெளுக்கும்; உள்ளங்கை வியர்வை படும் கைப்பிடிப் பட்டையில் பழுக்கும்; கையோ உறையோ படாத இடுக்கில் பழைய நீலம் அப்படியே ஒளிந்திருக்கும். தோட்டா போடும் சின்னக் கதவான லோடிங் கேட்டைத் திறந்து உள்ளே பார்த்தேன். அங்கேயும் அதே சாம்பல். நூறு வருடம் தோளில் மாட்டிய பைக்குப் பட்டையைவிட அடிப்பக்கம் முதலில் கிழிந்த மாதிரி இருந்தது. நேரமும் மனிதக் கையும் போடும் தடத்துக்கு ஒரு வரிசை உண்டு. அமிலத்துக்கு அது தெரியாது.

வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டுக் காரில் வரும்போது நண்பனின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்திருந்தது. பிரதி எதைக் காப்பியடிக்கிறது என்பதுதான் கேள்வி. 1873-இல் பெட்டியிலிருந்து எடுத்த அன்று அந்த ரிவால்வர் புத்தம் புதிதாக மின்னியது. அன்றைய புதுசை இன்று புதுசாகச் செய்து கொடுப்பவர் நாணயமானவர். மற்றவர் வாழ்ந்த வாழ்க்கையின் தடத்தைப் பூசிக் கொடுப்பது வேறு வியாபாரம். அமெரிக்கப் பூர்வகுடிகளோடு நடந்த சண்டையில் மடிந்த ராணுவ அதிகாரி கஸ்டரின் ஏழாம் குதிரைப் படையோடு போன ரிவால்வர் என்று போலி முத்திரை அடித்து விற்கும் மோசடி அமெரிக்கச் சேகரிப்பு உலகத்தில் பழைய தலைவலி. கடையில் பார்த்ததை அந்த மோசடியோடு சேர்க்க மாட்டேன். புதியது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனாலும் இரண்டும் ஒரே தெருவில் வெவ்வேறு வீட்டில் குடியிருக்கின்றன.

ஆறு அறை, ஐந்து தோட்டா

தோற்றத்தை இப்படி முடிவு செய்துவிட்டேன். உள்ளே இருக்கும் இயந்திரம்தான் இன்னும் சிக்கலான விஷயம். அசல் வடிவமைப்பில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின் ஹேமரின் மூக்கிலேயே இருக்கிறது. ஹேமர் இறங்கியிருக்கும்போது அது நேராகத் தோட்டாவின் அடியில் அடிபட்டால் தீப்பற்றும் பிரைமர் மேல் உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்து ஹேமர் தரையில் மோதினால் வெடிக்கலாம். முதல் கிளிக்கின் பாதுகாப்பு வெட்டு மெல்லியது, உடையக்கூடியது. அதை நம்ப முடியாது. எனவே அனுபவப்பட்டவர்கள் ஆறு அறை ரிவால்வரில் ஐந்துதான் போடுவார்கள். ஒன்று போடு, ஒன்றை விடு, அப்புறம் நாலு போடு, முழுக்க இழுத்து மெதுவாக இறக்கு. இந்த வரிசைப்படி செய்தால் ஹேமர் காலி அறையின் மேல் வந்து உட்காரும். இன்று கௌபாய் வேடத்தில் போட்டி நடத்தும் சங்கத்திலும் இதுதான் விதி.

இதே பாணி ரிவால்வர் செய்யும் அமெரிக்க ரூகர் கம்பெனி இதற்கு 1973-இல், அசல் வந்து சரியாக நூறு வருடம் கழித்து, ஒரு தீர்வு கண்டது. ஹேமருக்கும் பின்னுக்கும் நடுவில் ஒரு சிறிய பட்டை. ட்ரிகரை அழுத்தினால்தான் அது மேலே ஏறி அடியைக் கடத்தும். ஆறையும் நிரப்பிக்கொள்ளலாம். தட்டையான ஸ்ப்ரிங்குகளை ரூகர் 1953-லேயே கழற்றிவிட்டுச் சுருள் ஸ்ப்ரிங் போட்டிருந்தது. அவை உடைவது அபூர்வம். பொறியியல் கண்ணால் பார்த்தால் ரூகர்தான் எல்லாவிதத்திலும் மேல். வேட்டைக்கோ பண்ணை வீட்டுக்கோ யாராவது என்னைக் கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதில் அரை நிலை கிடையாது. கேட்டைத் திறந்தாலே சிலிண்டர் சுற்றும். நாலு கிளிக்கும் கிடையாது. 1873-ஐக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றால் அந்தக் காலத்து விரலுக்கு இருந்த வேலை என் விரலுக்கும் இருக்க வேண்டும். எண்ணி ஐந்து போடும் எச்சரிக்கையும் அந்த வேலையில் சேர்த்திதான்.

இத்தாலியப் பிரதிகளுக்கும் இந்த விஷயத்தில் முழுச் சுதந்திரம் இல்லை. 1968-இல் வந்த அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, வெளிநாட்டிலிருந்து வரும் கைத்துப்பாக்கி விளையாட்டுப் பயன்பாட்டுக்கு ஏற்றதா என்று அளவு, எடை, பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுத்தான் உள்ளே விடுவார்கள். பின் நேராகப் பிரைமர் மேல் உட்காரும் ரிவால்வர் அதில் தேறாது. ஹேமரைப் பின்தள்ளி நிறுத்த ஏதாவது ஒரு வழி அதில் இருந்தாக வேண்டும். உள்நாட்டில் செய்யும் கோல்டுக்கு இந்தப் பரீட்சை இல்லை. இதனால்தான் பல இத்தாலியப் பிரதிகளில் சிலிண்டருக்கு நடுவில் போகும் பேஸ் பின் சற்று நீளமாக, இரண்டு வெட்டுகளோடு இருக்கிறது. இரண்டாவது வெட்டு வரை உள்ளே தள்ளினால் அதன் வால் ஹேமரைத் தடுத்து நிறுத்தும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சமீபத்திய ஊபெர்டிகளில் ஹேமருக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் பின் வந்துவிட்டது. ட்ரிகரைக் கடைசி வரை அழுத்தினால்தான் அது எட்டிப் பார்க்கும். இதைத் துரோகம் என்று திட்டும் ஆட்கள் உண்டு. எனக்கு அந்தக் கோபம் புரிகிறது, அதில் சேரத்தான் மனம் வரவில்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அலமாரிப் பூட்டோடு இதுவும் இருந்தால் நல்லதுதானே. ஆனால் எனக்கு எது வேண்டும் என்று கேட்டால், பழைய பின்னும் நீண்ட பேஸ் பின்னும் உள்ளதைத்தான் கேட்பேன். சட்டத்துக்காகச் செய்த திருத்தத்தை வடிவத்தைக் கெடுக்காமல் ஓர் உலோகத் தண்டின் நீளத்துக்குள் மறைத்த அந்தக் கைவேலைமேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

கடைசியில் புதியது வாங்கவே இல்லை. செகண்ட் ஹேண்ட் அலமாரியின் கீழ்த் தட்டில், விலைச் சீட்டு மங்கிப்போய்க் கிடந்த ஊபெர்டி ஒன்று கிடைத்தது. ஐந்தரை அங்குலம், பாயிண்ட் ஃபார்ட்டி ஃபைவ் கோல்ட் ரகத் தோட்டா. கார்டோனே சோதனைக் கூடத்தின் முத்திரைகளோடு ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஏ-எல் என்று இரண்டு ஆங்கில எழுத்து. இத்தாலியில் ஆண்டை இப்படி எழுத்தில் குறிப்பார்கள். 1975-இல் ஏ-ஏ என்று தொடங்கியது. இத்தாலிய அரிச்சுவடியில் ஜே, கே இல்லாததால் ஏ-ஐ முடிந்ததும் நேராக ஏ-எல்லுக்குத் தாவும்; ஏ-ஜியையும் விட்டுவிட்டார்கள். அப்படி எண்ணினால் 1983. நாற்பது வருடம் யாரோ ஒருவர் கையில் உழைத்த பிரதி அது. பேரல் நுனியில் ஒரு பக்கம் மட்டும் உறை உரசிய வெளுப்பு. கேட்டைத் திறந்தால் உள்ளே நீலம் அப்படியே இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. ட்ரிகர் கார்டும் கைப்பிடிப் பட்டையும் பித்தளை. ராணுவத்துக்குப் போன 1873-இல் அவை இரும்பு. பழைய ஊபெர்டிகளில் இந்தப் பித்தளை சகஜம். பார்த்தவுடன் இத்தாலி என்று காட்டிக்கொடுத்துவிடும். சிலிண்டரைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்றும் ஓடியது. அரை நிலையில் சிலிண்டரைச் சுற்றிவிட்டு, முழுக்க இழுக்காமல் அங்கிருந்தே ஹேமரை இறக்கினால் போல்ட் தவறான இடத்தில் விழுந்து அப்படிக் கோடு போடும். முன்பு வைத்திருந்தவருக்கு அந்தப் பழக்கம் இருந்திருக்கிறது. கோடு ஆழமில்லை, பூட்டு உறுதியாக இருந்தது, ஃபீலர் கேஜ் ஆறில் நின்றது. நாலு கிளிக்கும் தெளிவாகக் கேட்டன. கடைக்காரர் பித்தளைக்கு மன்னிப்புக் கேட்பதுபோல் விலையைக் குறைத்தார். இரும்புப் பட்டை வாங்கி மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மாற்றவில்லை. 1983-இல் கார்டோனேயில் ஒருவர் பொருத்தி, விளிம்பைத் தேய்த்துச் சமன் செய்த பட்டை அது. புதியதைப் போட்டால் அந்தப் பொருத்தம் வராது.

சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கொண்டுபோன முதல் நாள் குண்டுகள் எல்லாம் குறிக்கு நாலு விரல் கீழே விழுந்தன. பக்கத்து மேசைக்காரர் உடனே மருந்து சொன்னார்: முன் சைட்டை அரத்தால் கொஞ்சம் தேய், குண்டு மேலே ஏறும். சரியான வைத்தியம்தான், இந்த வகை ரிவால்வரில் சைட் அசையாது, தேய்ப்பது ஒன்றே வழி. மாஸ்டர்சன் உயரமான சைட் கேட்டதும் தன் கைக்கு ஏற்பத் தேய்த்துக்கொள்ளத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். தேய்த்ததைத் திரும்ப வளர்க்க முடியாது என்பதால் நான் அவசரப்படவில்லை. அன்று நான் சுட்டது போட்டிக்காரர்கள் விரும்பும் இலேசான 200 கிரெய்ன் குண்டு (கிரெய்ன் என்பது குண்டின் எடைக்கான அளவு). அடுத்த தடவை, அந்தக் காலத்து எடைக்கு அருகில் வரும் 250 கிரெய்ன் வாங்கிப் போனேன். கனமான குண்டு பேரலில் சற்று அதிக நேரம் இருக்கும். உதைப்பில் பேரல் மேலே எழும்பிய பிறகே வெளியே போகும். அதனால் மேலே படும். ஐந்தும் மைய வட்டத்தில் விழுந்தன. அரத்தைப் பையிலிருந்து எடுக்கும் வேலையே வரவில்லை.